பாட்டிலைத் திருப்பித் தருகிறவர் பாக்கியவான்

நேற்றுச் சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்த நேரத்தில் போன் அடித்தது. மேலத்தெரு மயினி. "தோத்திரம் கொழுந்தனாரே, சொகமா இருக்கியளா?" என்று ஆரம்பித்து, வெயில், முட்டுவலி, மூத்தவனுக்குப் பெண் பார்க்கிற விவகாரம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் வரவேண்டிய இடத்துக்கு வந்தார்கள். "போன தடவ தந்த நார்த்தங்கா ஊறுகா தீந்துபோச்சு. பிள்ளைய அது இல்லாம சோத்துல கை வைக்க மாட்டேங்குதுவ. இன்னொரு பாட்டில் எடுத்து வைங்க, நாளைக்குச் சின்னவன அனுப்புதேன்."

எடுத்து வைக்கலாம். ஊறுகாய் இருக்கிறது. பாட்டில்தான் இல்லை. போன தடவை கொடுத்தது, அதற்கு முந்தின தடவை கொடுத்தது, மாவடு கொடுத்தது, அவர்கள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது எலுமிச்சை கொடுத்தது எல்லாம் மேலத்தெருவிலேயே குடியேறிவிட்டன. சின்னவன் வருவான். கையை வீசிக்கொண்டு வருவான், பாட்டிலோடு போவான்.

பழைய பாட்டிலைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கே, உங்கள் மயினியிடம் நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு கோடை தாண்டியும் பூசணம் பிடிக்காமல், நிறம் கறுத்தாலும் ருசி குறையாமல் இருக்க எங்கள் அம்மா ஒரு காரியம் செய்வார்கள். காலணா செலவில்லாத காரியம். ஊரில் எத்தனையோ பேர் கேட்டும் சொன்னதில்லை. போகும்போது என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை எழுதிவைத்தால் பத்துப் பேருக்கு உபயோகப்படுமே என்றுதான் பேனாவை எடுத்தேன். சொல்கிறேன். மயினி போன் பண்ணிய சூடு இன்னும் ஆறவில்லை, அதனால் முதலில் பாட்டிலைப் பற்றி நாலு வார்த்தை.

பாட்டில் என்றால் கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில். கை உள்ளே போய்க் கழுவுகிற அளவுக்கு வாய், கனத்த அடிப்பாகம், திருகினால் இறுகி உட்காருகிற மூடி. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் தகரத்தையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் முன்னால்தான் அதன் பாச்சா பலிக்காது. பீங்கான் ஜாடி வீட்டை விட்டு வெளியே போகாது, அது பரம்பரைச் சொத்து. ஊர் சுற்றுகிற உத்தியோகம் பாட்டிலுக்கு. இப்போது கடைக்குப் போனால் எல்லாம் பிளாஸ்டிக், இல்லாவிட்டால் பாக்கெட். ஆகையால் இருக்கிற கண்ணாடி பாட்டில்தான் கண்ணாடி பாட்டில், இனி பிறக்கப்போவதில்லை. எங்கள் வீட்டுப் பாட்டில்கள் பிள்ளைகள் குடித்து வளர்ந்தவை. மகள் பத்தாவது பரீட்சைக்கு விழித்துப் படித்தபோது வாங்கியது எது, மகன் டைபாய்டில் கிடந்து எழுந்தபோது வாங்கியது எது என்று அடியைப் பார்த்தே சொல்வேன். சொல்வேன் என்றா சொன்னேன்? இருந்தால்தானே. பத்தாவது பரீட்சைப் பாட்டில் இப்போது உபதேசியார் வீட்டில் இருக்கிறது. அதில் சீரகம் போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தபோது அடுக்களை அலமாரியில் பார்த்தேன். எல்லாரும் கண்களை மூடிக்கொள்வோம் என்றார் உபதேசியார். என்னால் முழுசாக மூட முடியவில்லை.

பாட்டில் திரும்பாததற்கு ஊரில் சொல்லப்படுகிற காரணங்களைத் தொகுத்தால் கீர்த்தனைப் புத்தகம் கனத்துக்கு வரும். "வார வழியில கொண்டாந்து தாரேன்" என்பவர்களுடைய வழி அன்றிலிருந்து எங்கள் தெருவை விட்டு விலகியே போகும். கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன் என்று ஒருத்தர் போன கோடையில் சொன்னார். இந்தக் கோடையும் முடியப்போகிறது, அந்தப் பாட்டில் இன்னும் காய்கிறது. பாட்டிலைத் தந்துவிட்டு மூடியை வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், இவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு வீட்டில் மூடி மட்டும் வந்தது. தெற்குத் தெருப் பெரியம்மை பாட்டிலைத் தாங்களே கொண்டுவந்து கையில் தந்தார்கள். நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன். திறந்தால் மண்ணெண்ணெய் வாசம். அதைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து என்னென்னவோ செய்தோம். இன்றைக்கும் மழைக்காலத்தில் திறந்தால் மெல்ல வருகிறது.

இவர்கள் எல்லாரையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "வெறும் பாட்டில எப்படித் தர?" என்று கேட்கிறவர்கள். கொடுத்த ஏனத்தை வெறுமனே திருப்பக் கூடாதாம். அதற்குள் போட்டுத் தர ஏதாவது பலகாரம் செய்யும் வரைக்கும் பாட்டில் அங்கேயே காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுடும்போது போட்டுத் தருகிறேன் என்றார்கள். கிறிஸ்துமஸ் வந்தது. முந்திரிக்கொத்தும் வந்தது. பேப்பர் தட்டில்.

கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். யார், எந்தத் தேதி, என்ன ஊறுகாய், மூடி நிறம். வீட்டுக்காரி அதை ஒருநாள் கண்டெடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கோபப்படவில்லை, அதுதான் மோசம். "நியாயத்தீர்ப்பு நாள்ல புஸ்தகங்கள் திறக்கப்படுமாம்லா. ஒண்ணு ஜீவபுஸ்தகம், இன்னொண்ணு உங்க பாட்டில் நோட்டாக்கும்" என்றாள். அன்றையிலிருந்து அந்த நோட்டில் பால் கணக்கு எழுதப்படுகிறது. உங்கள் வீட்டு அலமாரியில் அடுத்தவர் பாட்டில் ஒன்றுகூட இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அது வேறு விஷயம், இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

வேதத்தில் இதற்கு ஆறுதல் உண்டா என்று தேடினேன். கிடைத்தது ஆறுதல் இல்லை, கூடுதல் எரிச்சல். இரண்டாம் ராஜாக்கள் நாலாம் அதிகாரம். கணவனை இழந்த ஒரு பெண். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். வீட்டில் ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றும் இல்லை. எலிசா தீர்க்கதரிசி என்ன சொன்னார்? அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிக்கொள், அதிலும் கொஞ்சமாக வாங்காதே என்றார். வாங்கினாள். கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்றினாள். ஊற்ற ஊற்ற எல்லாப் பாத்திரமும் நிறைந்தது. எண்ணெயை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார் எலிசா. அத்தோடு கதை முடிந்தது.

முடிந்ததா? பாத்திரங்கள்?

இந்தப் பகுதியை வைத்துச் சிறுவயதிலிருந்து பிரசங்கம் கேட்டு வருகிறேன். விசுவாசம் என்பார்கள், கீழ்ப்படிதல் என்பார்கள், கதவைப் பூட்டியதில் ஒரு ஆழ்ந்த சத்தியம் இருக்கிறது என்பார்கள். அக்கம்பக்கத்தாரைப் பற்றி ஒரு பிரசங்கியும் வாயைத் திறந்ததில்லை. கொஞ்சம் யோசியுங்கள். சந்தைக்குப் போன எண்ணெயைக் கையிலா ஏந்திக்கொண்டு போவான் வாங்கினவன்? பாத்திரத்தோடுதான் போயிருக்கும். எதிர்வீட்டு அம்மாள் ஒரு வாரம் பொறுத்திருப்பாள், ரெண்டு வாரம் பொறுத்திருப்பாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் மெதுவாக, "அந்தக் குடம்..." என்று ஆரம்பித்திருப்பாள். இந்த அம்மாள் அற்புதத்தைச் சாட்சி சொல்லத் தொடங்கியிருப்பாள். அற்புதம் நடந்த வீட்டில் போய்க் குடத்தைக் கேட்டால் கேட்டவளுக்குத்தானே கெட்ட பெயர்? ஒரு கடன்காரனுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் தெரு முழுக்கப் பாத்திரக் கடன். அவர்களில் எத்தனை பேர் அந்த வருஷம் ஒலிவக்காயை எதில் ஊறப்போடுவது என்று திணறினார்களோ, யார் கண்டது?

இதை எங்கள் சபைப் போதகரான சேகர ஐயரிடம் கேட்டேன். நல்ல மனுஷன், இளவயது. "அண்ணாச்சி, அந்தப் பகுதியோட பாயிண்ட் அது இல்ல" என்றார். அவருக்கு இல்லாமல் இருக்கலாம். எண்ணெய் ஏன் நின்றது என்று பாருங்கள் ஐயரே என்றேன். இன்னொரு பாத்திரம் கொண்டுவா என்றாள், வேறு பாத்திரம் இல்லை என்றான் மகன், எண்ணெய் நின்றுவிட்டது. ஆண்டவர் செய்த அற்புதமே பாத்திரம் தீர்ந்ததால் நின்றிருக்கிறது, என் வீட்டு நார்த்தங்காய் எம்மாத்திரம்? ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு கலியாண வீடு இருந்தது.

மன்னா விஷயம் அவரிடம் சொல்லக் கிடைக்கவில்லை, உங்களிடம் சொல்கிறேன். வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கு எடுத்துவைத்தவர்களுக்குப் புழுப் பிடித்து நாறிப்போயிற்று. ஆனால் ஒரே ஒரு அளவு மட்டும் வருங்காலத்தார் பார்ப்பதற்காகப் பாத்திரத்தில் போட்டு வைக்கச் சொன்னார் ஆண்டவர். கெடவில்லை. எபிரெயருக்கு எழுதின நிருபம் அதைப் பொற்பாத்திரம் என்கிறது, உடன்படிக்கைப் பெட்டிக்குள் இருந்தது என்கிறது. சரி. சாலொமோன் ராஜா ஆலயம் கட்டி முடித்துப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது உள்ளே என்ன இருந்தது? இரண்டு கற்பலகைகளைத் தவிர ஒன்றும் இல்லை என்று முதலாம் ராஜாக்கள் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அப்போது பொற்பாத்திரம்? மகா பரிசுத்த ஸ்தலத்துப் பெட்டிக்குள் வைத்த பாத்திரமே திரும்பவில்லை. எந்த மயினி என்று எழுதவில்லை.

பாட்டிலை நம்பிப் பிழைத்தவர்களின் கதியும் அவ்வளவு நன்றாக இல்லை. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்று ஒரு பலகாரக்காரர். காய்கறி, பழம், கறி எல்லாவற்றையும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, தக்கையும் மெழுகும் வைத்து இறுக்கி, கொதிநீரில் போட்டு எடுத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. அதைச் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு கழித்து லூயி பாஸ்டர் வரவேண்டியிருந்தது. பிரெஞ்சு அரசாங்கம் 1810-இல் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. 1841-இல் ஏழையாகச் செத்தார். அமெரிக்காவில் ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகர வேலைக்காரர் 1858-இல், தம் 26 வயதில், திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். காலம் முடிந்ததும் ஊரில் இருக்கிற கம்பெனியெல்லாம் அந்த ஜாடியைச் செய்ய ஆரம்பித்தன. 1902-இல் அவரும் ஏழையாகவே செத்தார். அவருடைய ஜாடியை எத்தனை பேர் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் இருந்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மேசன் ஜாடி இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிற மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள், "அப்பா, உங்கள மாதிரியே ஒரு பேமிலி" என்று. அமெரிக்காவில் ஒரு விசுவாசக் குடும்பம். பட்டணத்தை விட்டு நிலம் வாங்கிப் போய்த் தோட்டம் போட்டு, கோழி வளர்த்து, சாப்பாட்டுக்கு முன் கைகோத்து ஜெபம் பண்ணி, விளைந்ததையெல்லாம் ஜாடியில் அடைத்து வைக்கிறார்கள். வீட்டுக்கு அடியில் நிலவறை. தரையிலிருந்து கூரை வரைக்கும் தட்டு, தட்டு நிறைய ஜாடி. பீன்ஸ், சோளம், மாட்டுக்கறி எல்லாம் ஜாடியில். புளிப்பில்லாத பண்டத்தை அடைப்பதற்குக் கொதிநீர் போதாது, பிரஷர் கேனரில் சுமார் 116 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கிருமி வளர்ந்து பொட்டுலிசம் என்கிற விஷநோயை உண்டாக்கும் என்று அந்த அம்மாள் நன்றாக விளக்கினாள். புளிப்புப் பண்டத்துக்கு அந்தப் பயம் இல்லையாம், பி.எச். 4.6-க்குக் கீழே அந்தக் கிருமி தலையெடுக்காது. எலுமிச்சையும் நார்த்தையும் அதற்கு எவ்வளவோ கீழே. கிருமிக்குப் பயப்பட வேண்டாம், ஈரக் கரண்டிக்குத்தான் பயப்பட வேண்டும்.

எல்லாம் சரி. வீடியோ முழுக்கப் பார்த்துவிட்டேன். அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் ஒரு ஜாடியையும் எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. நிலவறை நிறைய ஜாடி நிற்கிறதென்றால் அந்த ஊரில் அவர்களுக்கு மயினி கிடையாது என்று அர்த்தம்.

சரி, ஊறுகாய்க்கு வருகிறேன். நார்த்தை மரம் தோட்டத்தில் நிற்கிறது, ஆகையால் தோட்டத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே, தேரிப் பக்கம். சிவப்பு மணல். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் எங்கே போனது என்று தெரியாது. 1837-இல் மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் மெஞ்ஞானபுரத்துக்கு வந்தபோது மணலும் பனையும் உடைமுள்ளும்தான் கண்டார் என்பார்கள். கிணறு வெட்டி, மரம் வைத்து, காட்டை ஊராக்கினார். 192 அடிக் கோபுரத்தோடு கோயில் எழும்பியது. எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, சொட்டுநீர்க் குழாய்கூடப் போட்டாயிற்று. கத்தரிச் செடி முழங்காலுக்கு மேலே வரமாட்டேன் என்கிறது.

வீட்டுத்தோட்டம் வைத்தால் மனசுக்கு நிம்மதி என்று எழுதுகிறவர்களுக்கு மாடியில் நாலு தொட்டி இருக்கும், அதில் மூன்றில் துளசியும் ஓமவல்லியும் இருக்கும். தோட்டக்காரனுக்கு வேதத்தில் உள்ள ஒரே கூட்டாளி யோனா. ஆமணக்குச் செடி ஒரே ராத்திரியில் முளைத்து நிழல் கொடுத்தது. மறுநாள் விடியும்போது ஒரு பூச்சி அதை அரித்துப் போட்டது. உயிரோடு இருப்பதைவிடச் சாவதே மேல் என்றார் யோனா. செடிக்காக இவ்வளவு எரிச்சல் நல்லதா என்று ஆண்டவர் கேட்டார். மரிக்கிற வரைக்கும் எரிச்சலாக இருப்பதும் நல்லதுதான் என்று யோனா முகத்துக்கு நேரே பதில் சொன்னார். வெண்டையில் காய்ப்புழு விழுகிற பருவத்தில் இந்த அதிகாரத்தை வாசித்தால் மனசு லேசாகும்.

பப்பாளியில் மாவுப்பூச்சி விழுந்த வருஷங்களை நினைத்தால் இன்னும் உடம்பு நமைக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டது, பிறகு எங்கும் பரவிவிட்டது. இலை, காய், தண்டு எல்லாம் வெள்ளை. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், குடும்ப ஜெபம் எல்லாம் அடித்துப் பார்த்தோம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதன் வம்சத்தை அடக்கிவிட்டது. ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று வீட்டுக்காரி பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொன்னாள். கிடைத்தது, நான் மறுக்கவில்லை. போர்ட்டோ ரிக்கோ வழியாக வந்ததில் கொஞ்சம் தாமதம்.

கொய்யா மரம் வைத்தபோது லேவியராகமத்தைப் பார்த்தேன். முதல் மூன்று வருஷத்துக் கனியைத் தின்னக் கூடாது, நாலாம் வருஷத்துப் பலன் கர்த்தருக்கு, ஐந்தாம் வருஷம் முதல்தான் நமக்கு. எங்கள் மரம் அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டது. மூன்று வருஷம் அணில் தின்றது. நாலாம் வருஷத்துக் காய் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் போனது. ஐந்தாம் வருஷம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரம் ஏறுகிற வயது வந்துவிட்டது.

கோடை பிறந்தால் மொட்டைமாடி வீட்டுக்காரி ராஜ்யம். நனைத்த வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, கூழ் வத்தலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டு போவாள். காய்ந்தபிறகு வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும். அது என் வேலை. மோர் மிளகாய் பகலில் வெயிலில், ராத்திரி திரும்பவும் புளித்த மோரில், இப்படி மோர் முழுவதையும் மிளகாய் குடித்துத் தீர்க்கிற வரைக்கும். சுண்டைக்காய் ஒரு பக்கம், கொத்தவரங்காய் ஒரு பக்கம். உப்புக்குக் கவலையில்லை, தூத்துக்குடி பக்கத்தில் இருக்கிறது. வெயிலுக்கும் கவலையில்லை. காக்கா, மழை, ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்றுதான் கவலை.

ஓய்வுநாளில் வத்தல் காயப்போடலாமா என்று ஒருதரம் கேட்டுவைத்தேன். "காயிறது வத்தல். நானா காயுதேன்?" என்றாள். இதற்கு மேல் வேதசாஸ்திரம் எனக்குத் தெரியாது. இந்த வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கிறது. நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்பதுதான் அன்றைய வசனம். ஐயர் இரண்டாவது பாயிண்டை முடிக்கும்போது மேற்கே ஒரு இடி இடித்தது. பெண்கள் பக்கம் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிற்று. இன்னொரு இடி. பின்வரிசையில் ரெண்டு பேர் பிள்ளை அழுகிறது என்று எழுந்து போனார்கள், பிள்ளை இல்லாதவர்களும் போனார்கள். ஐயர் "மூன்றாவதாக" என்று ஆரம்பித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஐயரம்மாவும் அன்றைக்குப் பார்சனேஜ் மாடியில் வத்தல் போட்டிருந்தார்கள். மூன்றாவது பாயிண்ட் என்ன என்று சபைக்கு இன்றுவரை தெரியாது. நேரே ஆசீர்வாதம்.

வீட்டில் நடக்கிற ஜெபத்தை மட்டும் எந்த இடியாலும் சுருக்க முடியாது. வீட்டுக்காரி ஜெபம் பண்ணினால் உலக சமாதானத்தில் ஆரம்பித்து மிஷனரிகள், பிள்ளைகள், வியாதியஸ்தர்கள் என்று வரிசையாக வந்து, எனக்குச் சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்லி முடிப்பாள். "மோட்டாரைப் போட்டுட்டு நிறுத்த மறந்துபோறவியளுக்கு நல்ல ஞாபகசக்தியைத் தாரும் ஆண்டவரே." நேற்று மயினி போனை வைத்தபிறகு பண்ணிய ஜெபத்தில், அற்பமான பொருள்கள்மேல் பற்று வைக்கிற இருதயங்களை விசாலமாக்கும்படி ஒரு விண்ணப்பம் வந்தது. நான் ஆமென் சொல்லவில்லை. இருமினேன்.

இப்போது ஊறுகாய். நார்த்தங்காயை நறுக்கிறதுக்கு முந்தி அம்மா செய்கிற அந்தக் காரியம் இருக்கிறதே, அதைப் போன மாதம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு என்று தனியாகப் போட்ட ஊறுகாயிலும் வீட்டுக்காரி தவறாமல் செய்தாள். அந்த ஊறுகாய் போன பாட்டில் எங்களிடம் மிச்சமிருந்த நல்ல பாட்டில்களில் ஒன்று. மகன் டைபாய்டில் எழுந்தபோது வாங்கியது. வேண்டாம், கிண்ணத்தில் கொடுப்போம் என்றேன். ஆண்டவருக்குக் கிண்ணத்திலா என்று கேட்டாள்.

ஏலம் தெரியுமல்லவா உங்களுக்கு. ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் வாழைத்தார், பூசணி, சேவல், தேங்காய், கேக் எல்லாம் குவிந்து கிடக்கும். பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த ஊர்க்காரர்கள் முன்வரிசையில். ஒரு தேங்காய் இருநூறு ரூபாய்க்குப் போகும், எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாக வைப்பார், முந்நூறுக்குப் போகும், அவரும் வைப்பார். அந்தத் தேங்காய் சம்பாதித்துக் கொடுத்த அளவுக்கு நான் என் சர்வீஸில் ஒரு மாதமும் சம்பாதித்ததில்லை. எங்கள் ஊறுகாய் நூறில் ஆரம்பித்தது. ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு. பம்பாய்க்காரர் ஒருத்தர் ரெண்டாயிரம் என்றார். "ஒருதரம், ரெண்டுதரம்" என்னும்போது நான் எழுந்து நின்றேன்.

"பாட்டில் ஏலத்துல சேராது" என்றேன்.

முற்றம் அமைதியாயிற்று. சேவல் மட்டும் கத்தியது. ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா என்று ஒரு குரல். ஊறுகாயைத்தானே கொடுத்தேன் என்றேன் நான். பாட்டில் இல்லாமல் ஊறுகாயை எப்படிக் கொண்டுபோக என்றார் பம்பாய்க்காரர், அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. பொருளாளர் ரசீதில் ஊறுகாய் என்று எழுதுவதா, பாட்டில் உள்பட என்று எழுதுவதா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். தேங்காயை எடுத்தவன் அதைப் போட்டு வந்த சாக்கைக் கேட்டானா என்று யாரோ கேட்டார்கள். கேட்டால் தருவோம் என்றார் கமிட்டியில் ஒருத்தர். சாக்கும் பாட்டிலும் ஒன்றா என்று நான் கேட்டேன். என் சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று என்று பிற்பாடு சொன்னார்கள். கடைசியில் ஐயர் குறுக்கிட்டு, இப்போதைக்குப் பாட்டிலோடு போகட்டும், விஷயத்தைச் சேகரக் கமிட்டியில் வைத்துப் பேசிக்கொள்வோம் என்றார்.

கமிட்டியும் கூடிற்று. நான் கமிட்டியில் இல்லை, கூப்பிட்டால் சொல்லலாம் என்று கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் முதல் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வருகிற ஊறுகாய் வகைகள் யாவும் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவரப்பட வேண்டும் என்று தீர்மானம். கண்ணாடி உடைந்தால் பிள்ளைகள் காலில் குத்துமாம். பிளாஸ்டிக் கவருக்குத் தமிழ்நாட்டில் 2019-லேயே தடை போட்டாயிற்றே என்று வெளியே வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் கடைக்காரங்களுக்கு அண்ணாச்சி என்றார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தது யார் என்று கேட்டேன். உபதேசியார். சரி, அவருக்குப் பாட்டிலைப் பற்றி என்ன கவலை, சீரகம் பத்திரமாக இருக்கிறது. வழிமொழிந்தது யார்?

பெண்கள் ஐக்கியத்தின் சார்பாகக் கமிட்டியில் இருக்கிற என் வீட்டுக்காரி.